“என் கணினியில் ஓடுகிறதே!”

கணினி அறிவியல் பயிலும் மாணவரிடையே ஒரு மந்திரச் சொல் வழங்கி வருகிறது. நண்பன் ஒருவன் வந்து, “நீ கொடுத்த செயலி என்னிடம் பில்டு ஆகவில்லையே!” என்று முறையிட்டால், கொடுத்தவன் சற்றும் தயங்காமல் அந்த மந்திரத்தை உச்சரிப்பான்: “என் கணினியில் ஓடுகிறதே!” அவ்வளவுதான். வழக்கு முடிந்தது, தீர்ப்பும் எழுதியாயிற்று. குற்றவாளி யார்? வந்து முறையிட்டவனே!

நானும் இந்த மந்திரத்தைச் சொன்னவன்தான். ஒருமுறையன்று, பன்முறை. அதனால் ஒரு நல்ல நண்பனின் படிப்பையே கெடுக்க இருந்தேன். அந்தக் கதையைச் சொல்லி, அதனால் நான் கொண்ட கருத்தை நம் கல்லூரி நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்கள் ‘இது நமக்கன்று’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இதில் கணினியைப் பற்றிய செய்தி பாதி. மனிதரைப் பற்றிய செய்தி பாதி.

நால்வர் கூடிய கதை

இறுதியாண்டுப் புராஜெக்ட்டுக்காக நாங்கள் நால்வர் ஒரு குழுவாகச் சேர்ந்தோம். நான் கள்ளக்குறிச்சி நகரத்தான். ஏனையோர், சங்கராபுரத்திலிருந்து வரும் தோழி ஒருவர், சின்னசேலத்து நண்பன் ஒருவன், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வரும் நண்பன் ஒருவன். என்ன செயலி செய்யலாம் என்று மரத்தடியில் அமர்ந்து பேசியபோது, மலை நண்பன்தான் வழி சொன்னான்: “எங்க ஊர்ப் பக்கம் பஸ் எப்போ வரும்னு தெரியாம ரோட்டோரமே பாதி நாள் போயிடுது. அதுக்கு ஒண்ணு செய்யலாமே!”

எத்தகைய நல்ல எண்ணம்! கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் பேருந்துகளின் நேரத்தைக் கைபேசியில் காட்ட வேண்டும். மலையில் எல்லா வளைவிலும் ‘டவர்’ கிடைப்பதில்லை. ஆகவே இணையத் தொடர்பு இல்லாதபோதும் அது இயங்க வேண்டும். நேரப் பட்டியலைத் திரட்டும் பொறுப்பை நண்பனே ஏற்றுக்கொண்டான். நடத்துநர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் தேநீர்க் கடைக்காரர்களையும் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வந்தான். நான் என் மடிக்கணினியில் செயலியின் முதல் வடிவத்தைக் கோட்லின் மொழியில் எழுதினேன். என் கைபேசியில் அது ஓடியது. பெருமை தாங்கவில்லை! கோப்புறை முழுவதையும் ‘ஜிப்’ செய்து பென்டிரைவில் மூவருக்கும் கொடுத்தேன்.

மறுநாள் மூவரும் வந்தனர். ஒருவர் முகத்திலும் மகிழ்ச்சியில்லை. மூவரிடமும் பில்டு ஆகவில்லை. மூவர் திரையிலும் மூன்று வேறு பிழைகள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்!

பில்டு என்பது யாது?

நாம் எழுதும் நிரல், மனிதர் படிக்கத்தக்க எழுத்து. கைபேசிக்கு அது புரியாது. அதை மொழிபெயர்த்து, படங்களைச் சேர்த்து, பிறர் எழுதிவைத்த நிரல் நூலகங்களை இணைத்து, கையொப்பமிட்டு, ஒரே பொட்டலமாகக் கட்டித் தரவேண்டும். அந்தப் பொட்டலத்துக்கு ஏ.பி.கே. என்று பெயர். அதைக் கட்டும் வேலையே பில்டு.

இவ்வேலையை ஒருவர் செய்வதில்லை. ஒரு கூட்டமே கூடிச் செய்கிறது. ஜே.டி.கே. என்னும் ஜாவாக் கருவித் தொகுதி அடித்தளம். அதன்மேல் நின்று வேலைகளை வரிசைப்படுத்தி ஏவும் மேஸ்திரி, கிரேடில். அந்த மேஸ்திரிக்கு ஆண்ட்ராய்டு வேலையைச் சொல்லித் தருவது ஒரு செருகுநிரல். இவற்றோடு ஆண்ட்ராய்டு எஸ்.டி.கே., கோட்லின் மொழிபெயர்ப்பி, இன்னும் பல நூலகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. இன்ன பதிப்பு இன்ன பதிப்போடுதான் ஒத்துப்போகும் என்ற விதியும் உண்டு. 2021-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டுச் செருகுநிரல் 7.0 இயங்க ஜாவா 11 தேவை. 2023-இல் வெளிவந்த 8.0-க்கு ஜாவா 17 தேவை. நிரலில் ஓரெழுத்தும் மாறாதபோதும், இந்தக் கூட்டத்தில் ஒருவர் மாறினால் வேலை நின்றுவிடும். இந்தக் கூட்டத்தையும், அது குடியிருக்கும் கணினியையும் சேர்த்துத்தான் ‘உருவாக்கச் சூழல்’ என்கிறோம்.

சின்னசேலத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேலம்–விருத்தாசலம் இருப்புப்பாதை நெடுங்காலம் மீட்டர்கேஜ் பாதையாக இருந்தது. தண்டவாளங்களின் இடைவெளி 1000 மில்லிமீட்டர். சேலத்தைத் தொட்டுச் செல்லும் பெரிய பாதையின் இடைவெளியோ 1676 மில்லிமீட்டர். சின்னசேலத்தில் ஏறியவர் எவ்வளவு நல்ல பெட்டியில் ஏறியிருந்தாலும், ஈரோட்டுக்குப் போக வேண்டுமானால் சேலத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வேறு வண்டி ஏறியே தீரவேண்டும். இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அப்பாதை அகலமாக்கப்பட்ட பிறகே அந்தத் தொல்லை ஒழிந்தது. பெட்டியில் பழுதா? இல்லை. பயணியிடம் குறையா? அதுவும் இல்லை. பாதைகள் பொருந்தவில்லை, அவ்வளவே! ஆனால் கணினியில் பாதை பொருந்தாதபோது மட்டும் நாம் பயணியைக் குற்றம் சொல்கிறோமே, அது ஏன்?

நான் செய்த பிழை

மலை நண்பனிடம் இருந்தது, அவன் அண்ணன் பயன்படுத்திய பழைய மடிக்கணினி. நினைவகம் 4 ஜி.பி. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறந்தால் அதற்கு மூச்சு வாங்கும். எனவே, நிரலைச் சிறிய மென்பொருளொன்றில் எழுதி, கட்டளைச் சாளரத்தில் கிரேடிலை ஏவி பில்டு செய்வான். அன்று அவன் திரையில் தோன்றிய செய்தி மிக எளியது: இன்ன இடத்தில் எஸ்.டி.கே. கோப்புறை இல்லை என்பதே அது. அந்த இடத்தின் முகவரியில் என் பெயர் இருந்தது! என் பெயர் அவன் கணினியில் எப்படி வரும் என்று ஒரு கணம் சிந்தித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் படிக்கவில்லை. சிவப்பு எழுத்தைக் கண்டதும் மருத்துவரைப்போல் கையை உயர்த்தி, “எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி புதுசா போடு” என்றேன்.

அவன் என் சொல்லை நம்பினான். மாலைப் பேருந்தில் மலையேறினான். வீட்டில் டவர் கிடைக்காததால், ஊருக்கு மேலே அலை எட்டும் ஒரு பாறைமேல் மடிக்கணினியோடு அமர்ந்து இரவில் பதிவிறக்கினான். அன்றைய டேட்டா தீர்ந்தது. மறுநாள் டேட்டாவில் மீதியை இறக்கினான். இவ்வாறு இரண்டு நாள் உழைத்து, பழைய ஜாவாவை நீக்கிவிட்டுப் புதிதாக ஜாவா 21-ஐ நிறுவிக்கொண்டு பில்டு கொடுத்தான். இப்போது வேறொரு பிழை! “அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65.”

மூன்றாம் நாள் வந்து நின்றான். “முந்தாநாள் ஒரு எரர், இன்னைக்கு ஒரு எரர். என்னடா செய்யறது?” என்றான். நான் வேறேதோ வேலையில் இருந்தேன். திரும்பிப் பாராமலே அந்த மந்திரத்தைச் சொன்னேன். அவன் சற்று நேரம் நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்: “இதெல்லாம் டவுன்ல இருக்கிறவங்களுக்குடா. எனக்கு வராது. என் பேரை எடுத்துடு.”

அதன்பின் நான்கு நாள் அவன் கல்லூரிக்கு வரவில்லை.

அந்த நான்காம் நாள், நேரங்களைச் செயலியில் ஏற்றுவதற்காக அவன் நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே பொடி எழுத்தில் குறிப்புகள் இருந்தன. ‘சந்தை நாளில் தாமதம்.’ ‘பலத்த மழை என்றால் மேல் ஊர் வரை வராது.’ ‘பள்ளி விடுமுறையில் இந்த வண்டி இல்லை.’ ‘இது டிரைவர் சொன்னது, நான் பார்க்கவில்லை.’ வெறும் நேரத்தை எழுதினால் போதாது, எந்தச் சூழலில் அந்த நேரம் மெய்யாகும் என்பதையும் எழுத வேண்டும் என்று எவரும் சொல்லாமலே அவன் அறிந்திருந்தான். நானோ ஆயிரம் வரி நிரல் எழுதியிருந்தேன். அது எந்த ஜாவாவில், எந்தக் கணினியில், எந்தப் பதிப்பில் ஓடும் என்று ஒரு வரி எழுதவில்லை. எங்கள் இருவரில் கணினி அறிவியல் ‘வராதவன்’ யார்? வெட்கித் தலைகுனிந்தேன்.

தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். சனிக்கிழமை வந்தான். நால்வரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தோம். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: பிழைச் செய்தியை முழுதும் படிக்காமல் எவரும் எதையும் அழிக்கக்கூடாது.

மூன்று பூட்டும் மூன்று சாவியும்

முதலில் மலை நண்பனின் பூட்டு. அந்த 65 என்ன? ஜாவாவின் ஒவ்வொரு பதிப்பும் தான் ஆக்கும் கோப்பில் ஓர் எண்ணைப் பொறிக்கிறது. அந்த எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு கிடைக்கும். 52 என்றால் ஜாவா 8. 55 என்றால் 11. 61 என்றால் 17. 65 என்றால் 21. ‘எனக்குத் தெரியாத 21-ஆம் பதிப்பில் என்னை இயக்குகிறாயே!’ என்று கிரேடில் அழுதிருக்கிறது. எங்கள் புராஜெக்ட்டில் இருந்த கிரேடிலின் பதிப்பு 8.2. ஜாவா 21-இன்மேல் இயங்கும் திறன் கிரேடிலுக்கு 8.5-இல்தான் வந்தது. ஆக, நோயை உண்டாக்கியது நான் சொன்ன மருந்தே!

வழிகள் இரண்டு இருந்தன. கிரேடிலை உயர்த்தலாம், அல்லது ஜாவாவை 17-க்குக் கொண்டுவரலாம். மற்ற மூவரிடமும் 17 இருந்ததால், ஒரே ஒரு மாற்றம் போதுமென்று இரண்டாம் வழியைக் கொண்டோம். நிறுவும் கோப்பைப் பென்டிரைவில் கொடுத்தேன். பாறைமேல் ஏற வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. ஜாவா எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் ‘ஜாவா ஹோம்’ என்ற அமைப்பையும் திருத்தினோம்.

பில்டு கொடுத்ததும் பழைய பிழை திரும்பி வந்தது: எஸ்.டி.கே. இல்லை! நண்பன் முகம் வாடியது. ஆனால் இம்முறை படித்தோம். ஜாவா வாயிற்கதவு, எஸ்.டி.கே. உள்ளறைக் கதவு. வாயிற்கதவு திறந்ததால்தான் உள்ளறைக் கதவு கண்ணுக்குத் தெரிகிறது. பிழை மாறுவதைக் கண்டு அஞ்சுவதற்கில்லை. எந்தக் கதவில் நிற்கிறோம் என்று அது சொல்கிறது. காரணமும் கிடைத்தது. புராஜெக்ட் கோப்புறையில் ‘லோக்கல் பிராப்பர்ட்டீஸ்’ என்றொரு சிறு கோப்பு உண்டு. இந்தக் கணினியில் எஸ்.டி.கே. எங்கே இருக்கிறது என்பதை எழுதிவைக்கும் கோப்பு அது. பிறருடன் பகிரும் தொகுப்பில் இதைச் சேர்க்கக் கூடாது என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. நான் என் வீட்டு முகவரியை அவன் வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டு, ‘உன் வீடு ஏன் காணவில்லை?’ என்று கேட்டிருக்கிறேன்! அந்த ஒரு வரியை மாற்றினோம். தேநீர் குடித்துத் திரும்பும் நேரத்தில் பச்சை எழுத்து வந்தது. அந்தப் பழைய மடிக்கணினியில் அச்செயலி முழுதாகக் கட்டப்பட்டுவிட்டது.

இரண்டாவது, சங்கராபுரத்துத் தோழியின் பூட்டு. அவர் கோப்புறைக்கு ‘வெள்ளிமலைப் பேருந்து’ என்று அழகிய தமிழில் பெயர் சூட்டியிருந்தார். விண்டோஸ் கணினியில் கோப்புறையின் பாதையில் ஆங்கில அடிப்படை எழுத்துகள் அல்லாத எழுத்து இருந்தால், ஆண்ட்ராய்டுச் செருகுநிரல் பில்டை நிறுத்தி எச்சரிக்கிறது. வேறிடத்துக்கு மாற்றச் சொல்கிறது. எச்சரிக்கையை மீற ஓர் அமைப்பு உண்டு. ஆனால் மீறினால் பின்னர் எங்கே முறியும் என்று சொல்வதற்கில்லை. கோப்புறையை எளிய பெயருக்கு மாற்றினோம், பில்டு ஆயிற்று. செயலியின் பெயரும் அதிலுள்ள சொற்களும் தமிழிலேயே நின்றன. அதற்கு எந்தத் தடையும் இல்லை. “தமிழில் பெயர் வைத்தது என் தப்பா?” என்று தோழி கேட்டார். தப்பில்லை. தமிழில் பெயர் வைப்பார் ஒருவர் இருப்பார் என்று எண்ணாமல் கருவி செய்தார்களே, அங்கேதான் குறை.

மூன்றாவது, சின்னசேலத்து நண்பனின் பூட்டு. அவன் கணினியில் ஓடுவது லினக்ஸ். நான் விண்டோஸில் ‘ஜிப்’ செய்து கொடுத்ததால், கிரேடிலை ஏவும் சிறு நிரலுக்கு ‘இதை இயக்கலாம்’ என்ற உரிமைக் குறி இல்லாமற்போயிற்று. ‘பெர்மிஷன் டினைட்’ என்று லினக்ஸ் கதவை அடைத்தது. ஒரு வரிக் கட்டளையால் உரிமை கொடுத்ததும் திறந்தது. இதற்காக அவன் லினக்ஸையே அழித்துவிட்டு விண்டோஸ் போட இருந்தான் என்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

மூன்று பூட்டுக்கும் சேர்த்து ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. ஆனால் அதற்குமுன் ஒரு வாரமும் இரண்டு நாள் டேட்டாவும் ஒருவனின் தன்னம்பிக்கையும் வீணாயின.

தமிழர் முன்பே கண்ட தொல்லை

இத்தொல்லை நமக்குப் புதிதன்று. நம் பேராசிரியர்களைக் கேளுங்கள். யூனிகோடு பரவுவதற்கு முன், ஒரு கணினியில் தமிழில் தட்டச்சுச் செய்த கோப்பை இன்னொரு கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. எழுதியவர் பயன்படுத்திய அதே எழுத்துரு படிப்பவரிடமும் இருந்தாலன்றிப் படிக்க முடியாது. ‘என் கணினியில் நன்றாகத் தெரிகிறதே!’ என்று அன்றும் சொல்லியிருப்பார்கள்! 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு, விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் பொதுத் தரம் காண வழிவகுத்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அறிஞர்களும் பொறியாளர்களும் கூடிப் பேசி, ஒரு பொது ஒழுங்கை எழுத்தில் வடித்ததால்தான் இன்று நாம் கைபேசியில் தமிழில் உரையாடுகிறோம்.

உலக வரலாற்றிலும் சான்று உண்டு. 1996 ஜூன் 4-ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாக விண்ணில் ஏறியது. ஏறிய 40 விநாடிக்குள் சிதறியது. காரணம் என்ன? முந்தைய ஏரியான் 4 ராக்கெட்டில் பிழையின்றி ஓடிய மென்பொருள் ஒன்றை அப்படியே இதில் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைவேகம் மிகுதி. அதனால் எழுந்த எண், 16 பிட் இடத்தில் கொள்ளவில்லை. வழிகாட்டும் கருவி நின்றுபோயிற்று. பழைய ராக்கெட்டில் ஓடியதே என்பது அங்கேயும் பயன்படவில்லை! மேதைகளுக்கே இப்படியென்றால், மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு வந்த பிழைக்காக அவனை மூடன் எனலாமோ?

மறுப்போர்க்கு மறுமொழி

‘எல்லாரும் புதிய பதிப்புக்கு மாறிவிட்டால் தொல்லை தீருமே’ என்பார் சிலர். மாறலாம், ஆனால் எல்லாரும் ஒரே நாளில் மாறவேண்டும். புதிய பதிப்புக்குப் பெரிய நினைவகம் வேண்டும். பெரும் பதிவிறக்கம் வேண்டும். கிரேடில் ஒன்றே நூறு மெகாபைட்டுக்கு மேல். நகரத்தில் அது ஒரு நொடிப் பேச்சு. பாறைமேல் அமர்பவனுக்கு அது ஓர் இரவு. ‘சும்மா அப்டேட் செய்’ என்று சொல்வது எளிது. அந்த அறிவுரையின் விலையைச் சொல்பவர் கொடுப்பதில்லை.

‘அப்படியானால் பழையதையே மாற்றாமல் வைத்துக்கொள்வோம்’ என்பார் வேறு சிலர். அதுவும் இயலாது. காலமும் ஒரு சூழல்தான். நமக்கு முன் படித்தோர் விட்டுச்சென்ற பழைய புராஜெக்ட் ஒன்றைத் திறந்து பார்த்தேன். அது நூலகங்களை ஜேசென்டர் என்னும் களஞ்சியத்திலிருந்து எடுக்கச் சொன்னது. அக்களஞ்சியம் 2021-லேயே புதியவற்றை ஏற்பதை நிறுத்திவிட்டது. கூகுள் பிளேயில் புதிய செயலியை ஏற்றுவதென்றால், 2025 ஆகஸ்டு 31 முதல் அது ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காகக் கொண்டிருக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. ஆகவே மாறத்தான் வேண்டும். நாள் குறித்து, எல்லாரும் அறிய, ஒன்றன்பின் ஒன்றாக மாறவேண்டும். ஐந்தையும் ஒருசேர மாற்றினால் எது கெடுத்தது என்று எவரும் சொல்ல முடியாது.

‘எங்கோ இருக்கும் பொதுக் கணினியில் பில்டு செய்துகொள்ளலாமே’ என்பார் இன்னும் சிலர். நல்ல வழிதான், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். பில்டு சரியா என்று நடுநிலையாகச் சொல்லும் நீதிபதி அது. ஆயினும் அந்தக் கணினிக்கும் எந்த ஜாவா, எந்த எஸ்.டி.கே. என்று யாரேனும் எழுதித்தான் கொடுக்க வேண்டும். எழுதும் கடமையிலிருந்து தப்ப வழியே இல்லை.

செய்ய வேண்டுவன

என் கருத்தைச் சுருங்கச் சொல்கிறேன். நிரல் எழுதுவது பாதி வேலை. அது பிறர் கணினியிலும் உயிர்பெறுமாறு சூழலை எழுதிக் கொடுப்பது மறுபாதி. முதற்பாதிக்கு மட்டும் பாராட்டும், மறுபாதிக்குப் பாராமுகமும் காட்டும் பழக்கம் நம்மிடமிருந்து ஒழிய வேண்டும். அதற்கு என் எளிய யோசனைகள் சில:

ஒன்று: ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் ஒரு பக்கச் சூழல் குறிப்பு இருக்கட்டும். இயங்குதளம், ஜாவா, கிரேடில், செருகுநிரல், கோட்லின், எஸ்.டி.கே. ஆகியவற்றின் பதிப்பு எண்களும், கடைசியாக ஓடிய நாளும் அதில் வேண்டும். கிரேடில் தன் பதிப்பைப் புராஜெக்ட்டுக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கிறது. அதனால்தான் எங்கள் நால்வரிடமும் கிரேடில் மட்டும் மாறவில்லை. ஜாவாவை நான் எழுதவில்லை, அங்கேதான் முறிந்தது.

இரண்டு: பிழை வந்தால் முதலில் படிப்போம், பிறகு இரு கணினிகளின் பதிப்புகளை அருகருகே எழுதி ஒப்பிடுவோம், பிறகு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

மூன்று: கணினிக்கே உரிய கோப்புகளையும் பில்டு செய்த பொருள்களையும் பிறருக்கு அனுப்பும் தொகுப்பில் சேர்க்காதிருப்போம்.

நான்கு: ஒத்துப்போகும் பதிப்புகளின் நிறுவு கோப்புகளை ஒரு பென்டிரைவில் தொகுத்து, நூலகத்தில் புத்தகம்போல் கடன் தரும் ஏற்பாடு இருந்தால் மலையிலிருந்தும் சிற்றூரிலிருந்தும் வருவோர்க்குப் பேருதவி. ஒருமுறை இறக்கியவற்றை வைத்துக்கொண்டு, இணையமின்றியே பில்டு செய்யும் வசதி கிரேடிலில் இருக்கிறது. அதை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்?

ஐந்து: நம் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். புராஜெக்ட் மதிப்பெண்ணில் ஒரு சிறு பங்கை, அக்குழுவில் இல்லாத வேறொரு மாணவர், குறிப்பை மட்டும் படித்து, தம் கணினியில் பில்டு செய்து காட்டுவதற்கு ஒதுக்கலாகாதா? அன்றே அந்த மந்திரச் சொல் நம் ஆய்வகத்தைவிட்டு ஓடிவிடும்!

முடிவாக

2019 நவம்பர் 26-ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அந்த மாவட்டத்தின் பாதி அழகு மலையில் இருக்கிறது. அங்கிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருவோர் பலர். அவர்களிடம் ‘உனக்கு வராது’ என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்கிறோம். இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்பதை நான் மிகத் தாமதமாக உணர்ந்தேன்.

எங்கள் செயலி நால்வர் கணினியிலும் கட்டப்பட்டது. நண்பனின் நோட்டிலிருந்த பொடி எழுத்துக் குறிப்புகளும், ஒவ்வொரு நேரத்துக்கும் கீழே, அவன் எழுதியபடியே அதில் ஏறின. செயலியின் சூழல் குறிப்பையும் அவனே எழுதினான். அதன் முதல் வரி: ‘இது ஓடவில்லை என்றால் நீங்கள் தப்பு செய்ததாக நினைக்க வேண்டாம், முதலில் ஜாவா எந்தப் பதிப்பு என்று பாருங்கள்.’

இதைவிடச் சிறந்த பாடத்தை இம்மூன்றாண்டுகளில் நான் படித்ததில்லை. நண்பர்களே! அடுத்தமுறை ஒருவர் சிவப்புத் திரையோடு உங்கள்முன் வந்து நின்றால், அந்தப் பழைய மந்திரத்தை மறந்துவிடுங்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்கார், சேர்ந்து படிப்போம்” என்று சொல்லுங்கள்.